நடுத்தர மோட்டார் சைக்கிள்: ஒரு தெரிவின் வரலாறு



பொருள்களுக்கும் வரலாறு உண்டு. பேரரசுகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும் வகுப்பறையில் கற்பிக்கும் நாம், நமது வாசலில் நிற்கும் வாகனம் எந்த நாட்டில், எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று கேட்பது அரிது. கேட்டறிந்தால், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் சற்று நின்று சிந்திப்போம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மோட்டார் சைக்கிள். அதிலும் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் ஆகாத, 250 முதல் 350 சி.சி. வரையிலான நடுத்தர வண்டி. தாழ்ந்த இருக்கையும் அகன்ற கைபிடியும் உடைய 'குரூசர்' என்னும் வகை இன்று இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்துள்ளது. அவற்றுள் எதைத் தெரிந்தெடுப்பது என்பதே கேள்வி.

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகின்றது. பாடசாலையை விட்டுத் தொழிலுக்குச் சென்ற பழைய மாணவர்கள் தெருவிற் கண்டால் வணக்கம் கூறி, "சேர், 350 எடுப்பதா, சின்னது போதுமா?" என்று கேட்கின்றனர். அரசாங்கப் பாடசாலை அதிபருக்கு மோட்டார் வண்டியில் என்ன தேர்ச்சி என்று நேயர்கள் எண்ணலாம். இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் வித்தை எனக்குத் தெரியாது. ஆனால், மனிதர் எதைத் தெரிந்தார்கள், ஏன் தெரிந்தார்கள், அந்தத் தெரிவு அவர்களை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை ஆராய்வதே வரலாறு. அவ்வகையில் இக்கேள்வி வரலாற்று மாணவனுக்கும் உரியதே.

முதலில் குரூசரின் பிறப்பிடத்தை நோக்குவோம். 1901ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் 'இந்தியன்' என்னும் மோட்டார் சைக்கிள் தோன்றியது. பெயரைக் கேட்டு அயல் நாட்டை எண்ண வேண்டாம். அது அமெரிக்கப் பழங்குடி மக்களைக் குறித்த பெயர். 1903இல் மில்வோக்கி நகரில் ஹார்லி டேவிட்சன் தொடங்கியது. அந்த நாட்டின் தெருக்கள் நீண்டவை. ஊருக்கும் ஊருக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல்கள். அத்தகைய வழியில் மணிக்கணக்காக அமர்ந்து செல்பவனுக்கு முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கால்கள் முன்னே நீள வேண்டும். வண்டி கனமாகவும் தாழ்வாகவும் இருந்து தெருவைப் பற்றிக்கொள்ள வேண்டும். இந்த வடிவம் அழகுக்காக வரையப்பட்டதன்று. ஒரு நிலத்தின் அகலம் அதனை வகுத்தது. முல்லைக்கும் நெய்தலுக்கும் வெவ்வேறு வாழ்க்கையை நம் முன்னோர் வகுத்தது போல, வண்டிக்கும் திணை உண்டு எனலாம்.

இங்கிலாந்தின் நிலம் வேறு. அங்கே கிராமத்துத் தெருக்கள் குறுகியவை, வளைந்தவை. ஊசி செய்வதற்குப் பெயர்பெற்ற ரெடிச் என்னும் ஊரில் சைக்கிள் செய்துவந்த என்பீல்ட் நிறுவனம், 1901இல் தனது முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்னும் பெயரை அது 1930களின் தொடக்கத்திற் சூட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949இல் விற்பனைக்கு வந்த 350 புல்லட்டே நமது கதையின் நாயகன். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீற்றர். பிஸ்டன் ஏறியிறங்கும் வீச்சு 90 மில்லிமீற்றர். கொள்ளளவு 346 சி.சி. விட்டத்தைவிட வீச்சு நீண்டிருக்கும் இத்தகைய இயந்திரம் மிக விரைவாகச் சுழல்வதற்கு ஏற்றதன்று. ஆனால் மெதுவாகச் சுழலும்போதே பாரத்தை இழுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. கியரை அடிக்கடி மாற்றாமல் மேட்டில் ஏறலாம். சேற்றில் மெல்ல ஊர்ந்து செல்லலாம்.

இந்தக் குணமே அதனைக் கடல் கடக்கச் செய்தது. சுதந்திரம் பெற்ற இந்தியாவின் இராணுவம், நீண்ட எல்லைப்புறத்திற் காவல் செய்வதற்குத் தகுந்த வண்டியைத் தேடியபோது, 1950களின் முற்பகுதியில் 800 புல்லட்டுகளுக்கு ஆணை கொடுத்தது. வேகம் அவர்களுக்கு முதல் தேவையாக இருக்கவில்லை. பட்டறை இல்லாத இடத்திற் பழுதானால், கையிலுள்ள சில கருவிகளைக் கொண்டு திருத்தக்கூடியதாக வண்டி இருக்க வேண்டும். மட்டமான பெற்றோலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். புல்லட்டின் இயந்திரம் எரிவாயுவைக் குறைந்த அளவே அழுத்துவது. ஆகையால் எரிபொருளின் தரத்தைப் பற்றி அது பெரிதாக முறையிடுவதில்லை.

1955ஆம் ஆண்டில் ரெடிச் நிறுவனமும் சென்னை நகரின் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து என்பீல்ட் இந்தியா என்னும் தொழிலகத்தை நிறுவின. சென்னையின் வடபால், கடலோரத்துத் திருவொற்றியூரிற் பணி தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து உறுப்புகள் பெட்டிகளில் வந்தன, இங்கே பூட்டப்பட்டன. 1957இல் உறுப்புகளைச் செய்யும் கருவிகளும் அச்சுகளும் விலைக்கு வாங்கப்பட்டன. 1962ஆம் ஆண்டளவில் வண்டியின் எல்லா உறுப்புகளும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. ஏழே ஆண்டுகளில் ஓர் ஆங்கிலேய வண்டி தமிழ்நாட்டு வண்டியாயிற்று. போர்த்துக்கேயர் காலத்துச் சான் தோமே என்னும் பெயர் நம் நாவிற் பழகி ஜிந்துப்பிட்டி ஆயிற்று என்று கூறுவர். பெயர்கள் மண்ணுக்கு ஏற்பத் திரிவது போலவே இயந்திரங்களும் ஊர் மாறிக் குடியேறுகின்றன.

புல்லட் தனித்து நிற்கவில்லை. அதே காலத்தில் மற்றும் இரு வண்டிகள் இந்திய மண்ணிற் குடியேறின. செக்கோசிலோவாக்கியாவில் 1929இல் தோன்றிய ஜாவாவைச் செய்வதற்காக, மைசூரில் ஐடியல் ஜாவா தொழிலகம் நிறுவப்பட்டது. அதனை 1961இல் திறந்துவைத்தவர் மைசூரின் கடைசி மன்னரும் அப்போது அம்மாநிலத்தின் ஆளுநருமாக இருந்த ஜெயசாமராஜேந்திர உடையார். ஜாவாவின் இயந்திரம் 249 சி.சி. கொள்ளளவுடையது, பெற்றோலோடு எண்ணெயைக் கலந்து எரிக்கும் இரண்டு அடிப்பு வகையைச் சேர்ந்தது. வால்வுகள் இல்லாமையால் உறுப்புகள் குறைவு. வண்டியை உதைத்துக் கிளப்பும் தண்டையே முன்னே மடித்துக் கியர் மாற்றுவதற்கும் பயன்படுத்தினர். புல்லட்டைவிட அது இலேசானது, துள்ளலுடன் ஓடுவது. மூன்றாவது, எஸ்கோர்ட்ஸ் நிறுவனம் போலந்து நாட்டு வண்டியொன்றைத் தழுவி 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட ராஜ்தூத். 175 சி.சி. மட்டுமே உடைய அது தோற்றப் பொலிவு குறைந்தது, விலையும் குறைந்தது.

1960களில் இந்தியாவில் மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்தவன் இம்மூன்றின் முன்னே நின்றான் என்று பெரும்பாலும் கூறலாம். அவன் எதைத் தெரிந்தான்? இராணுவமும் பொலிசாரும் புல்லட்டைத் தெரிந்தனர். கல்லூரி இளைஞரும் நகரத்து உத்தியோகத்தரும் ஜாவாவை விரும்பினர். பால்காரரும் கிராமத்து விவசாயிகளும், இரு புறமும் பாற்குடங்களைக் கட்டிச் செல்வதற்கு ராஜ்தூத்தை வாங்கினர். மூவரும் சரியாகவே தெரிந்தனர் என்பது என் கருத்து. ஒவ்வொருவரும் தாம் செல்லும் தெருவையும் சுமக்கும் பாரத்தையும் கையிலுள்ள பணத்தையும் எண்ணிப் பார்த்தே தெரிந்தனர். பால்காரன் புல்லட்டை வாங்கியிருந்தால் அதன் விலையும் பெற்றோற் செலவும் அவனது இலாபத்தை உண்டிருக்கும்.

இனி, இவ்வண்டிகளுக்கு என்ன நேர்ந்தது என்று நோக்குவோம். ரெடிச்சில் புல்லட்டைப் பெற்ற தாய்த் தொழிலகம் 1967இல் மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்துக்குள் அந்நிறுவனமே மறைந்தது. திருவொற்றியூரில் வளர்ந்த பிள்ளையோ வாழ்ந்தது. 1977இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட்டுகள் கப்பலேறின. வரலாற்றில் இத்தகைய திருப்பங்கள் அரியவை.

இதற்குக் காரணம் என்ன? வலுவோ வேகமோ அன்று. அதனை விளக்க மற்றொரு வண்டி சாட்சியாக நிற்கின்றது. 1983இல் எஸ்கோர்ட்ஸ் நிறுவனம் ஜப்பானிய யமகாவின் துணையோடு ராஜ்தூத் 350 என்னும் வண்டியை வெளியிட்டது. கொள்ளளவு 347 சி.சி.; புல்லட்டோடு ஒப்பிட்டால் ஒரு சி.சி.தான் கூடுதல். ஆனால் இரட்டைச் சிலிண்டர் உடைய அது புல்லட்டைப் பின்னே விட்டு அம்பெனப் பாய்ந்தது. பத்தாண்டு நிறையுமுன்னரே அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அது பெற்றோலைத் தாராளமாகக் குடித்தது. உதிரிப் பாகங்களின் விலை சாதாரண மக்களுக்கு எட்டவில்லை. அதைத் திருத்தும் பழக்கமும் ஊர்ப் பட்டறைகளில் வேரூன்றவில்லை. ஒரே கொள்ளளவு, இரு வேறு விதிகள். சி.சி. என்னும் எண் ஒரு வண்டியைப் பற்றி எவ்வளவு குறைவாகக் கூறுகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் பழமை ஒன்றே எதனையும் காப்பாற்றிவிடாது. 1985இல் ஹீரோ ஹொண்டா நிறுவனத்தின் 100 சி.சி. வண்டி இந்தியச் சந்தைக்கு வந்தது. ஒரு லீற்றர் பெற்றோலில் நெடுந்தூரம் ஓடிய அவ்வண்டி மக்களின் கணக்கையே மாற்றிற்று. இரண்டு அடிப்பு இயந்திரங்களின் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் கடுமையாயின. மைசூர்த் தொழிலகம், பின்னாளில் யெஸ்டி என்னும் பெயரில் வண்டிகளைச் செய்துவந்தும் 1996இல் மூடப்பட்டது. புல்லட்டும் தள்ளாடியது. 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த அந்நிறுவனத்தை, 2000ஆம் ஆண்டளவில் மூடிவிடலாமா என்று உரிமையாளரே ஆலோசித்தனர். அது பிழைத்ததற்குக் காரணம், தன் உருவத்தை வைத்துக்கொண்டு உள்ளுறுப்பை மாற்றத் துணிந்தமையே. வலக்காலில் இருந்த கியர் இடக்காலுக்கு வந்தது. எண்ணெய் கசிந்த பழைய வார்ப்பிரும்பு இயந்திரத்தின் இடத்தில் 2009ஆம் ஆண்டளவிற் புதிய இயந்திரம் அமர்ந்தது. பழையதில் எதை வைப்பது, எதை விடுவது என்று அறிந்தவனே நிலைக்கிறான். இது பாடசாலைக்கும் பொருந்தும்.

இந்திய மண்ணில் குரூசர் வடிவம் பரவியதும் இக்காலத்திலேயே. 2001இல் பஜாஜ் நிறுவனம் கவாசாகியின் துணையோடு எலிமினேட்டரைக் கொண்டுவந்தது; 2002இல் றோயல் என்பீல்டின் தண்டர்பேர்ட் வந்தது; 2005இல் பஜாஜ் அவெஞ்சர் வந்தது. 2018இல் ஜாவா என்னும் பெயர், வேறொரு நிறுவனத்தின் கீழ், 293 சி.சி. வண்டியாக மறுபிறவி எடுத்தது. 2020இல் றோயல் என்பீல்ட் மீட்டியோர் 350 என்னும் குரூசரை வெளியிட்டது. அதே ஆண்டில் ஹொண்டா, ஹைனஸ் என்னும் 350 வண்டியுடன் இக்களத்திற் புகுந்தது. அந்த ஹொண்டாவின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீற்றர், வீச்சு 90.5 மில்லிமீற்றர். நேயர்கள் 1949ஆம் ஆண்டுப் புல்லட்டின் அளவை நினைவுகூர வேண்டும். விரைந்து சுழலும் சிறு இயந்திரங்களால் உலகை வென்ற ஜப்பானிய நிறுவனம், இந்தியத் தெருவுக்கு வண்டி செய்ய முற்பட்டபோது, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முந்திய ரெடிச் அளவுக்கே வந்து சேர்ந்தது. மெதுவாகச் சுழன்று பாரம் இழுக்கும் குணத்தையே இந்நிலத்து மக்கள் விரும்பினர் என்பதற்கு இது சான்று.

இன்றைய தெரிவுக்கு வருவோம். மீட்டியோரின் இயந்திரம் ஏறத்தாழ 20 குதிரை வலு உடையது. ஹொண்டாவினுடையது 21க்குக் கிட்டியது. தாளில் இவ்வேறுபாடு அற்பமானது. ஆனால் மீட்டியோரின் இருக்கை தரையிலிருந்து 765 மில்லிமீற்றர் உயரம். ஹொண்டாவின் இருக்கை 800 மில்லிமீற்றர். மீட்டியோரின் எடை 191 கிலோகிராம். ஹொண்டாவின் எடை 181 கிலோகிராம். உயரம் குறைந்தவனுக்கு இருக்கை தாழ்ந்திருப்பது நன்று. இரு பாதங்களும் தரையில் ஊன்றும். மெலிந்தவனுக்குப் பத்துக் கிலோ குறைவது நன்று. வண்டியைப் பின்னே உருட்டித் திருப்புகையில் அந்த வேறுபாடு தோள்களுக்குத் தெரியும். குரூசரில் கால்கள் முன்னே நீள்வதால் நெடுவழியில் முழங்காலுக்கு ஆறுதல். ஆனால் குழியில் விழும்போது காலை ஊன்றி எழ இயலாமையால் அதிர்ச்சி முழுவதும் முதுகெலும்புக்குச் செல்லும். இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பதிற் பயனில்லை. எவனுக்கு, எந்தத் தெருவில் என்று கேட்க வேண்டும்.

நமது தெருவோ எத்தகையது? ஜிந்துப்பிட்டியிலிருந்து புறக்கோட்டைக்குக் காலையிற் சென்று பாருங்கள். செட்டியார் தெருவில் நகைக்கடைகளின் முன் வாகனங்கள்; ஆமர் வீதிச் சந்தியில் லொறிகள்; இடையிடையே கைவண்டி தள்ளும் நாட்டாமிகள்; பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவே நுழைந்து செல்லும் பாதசாரிகள். அங்கே நிமிடத்துக்கு நான்கு முறை கிளச்சைப் பிடித்து நின்று நகர்பவனுக்கு 190 கிலோ வண்டி ஓர் இன்பமாக இராது. இயந்திரத்தின் வெப்பம் முழங்காலைச் சுடும். அதே வண்டி புத்தளம் வழியாக மன்னாருக்கோ, ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கோ செல்லும்போது தன் பிறவிப் பயனை அடையும். ஆண்டுக்கு இருமுறை ஊருக்குச் செல்லும் ஒருவன், மீதி நாள்களில் எந்தத் தெருவில் வாழ்கிறான் என்பதை நினைக்க வேண்டும்.

இலங்கையின் சொந்த வரலாறும் நமக்குப் பாடம் புகட்டுகின்றது. பிரித்தானியர் காலத்தில் இங்கே ஓடியவை பெரும்பாலும் பிரித்தானிய வண்டிகளே. 1960களிலும் 1970களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, இருந்ததைத் திருத்தி ஓட்டும் கலை வளர்ந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானிய ஹொண்டாக்கள் நாடெங்கும் பரவின. 1990களில் வடக்கிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலிற் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வண்டிகள் அவ்வகையான சிறு மோட்டார் சைக்கிள்களே. அக்காலத்தில் அவை நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் மாணவனைப் பரீட்சை மண்டபத்துக்கும் சுமந்தன.

அண்மைக் காலமும் இதனையே உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளிலும் நமது வண்டிகளை ஓடவைத்தது, ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ள பஞ்சிகாவத்தை போன்ற உதிரிப்பாகச் சந்தையும் சந்துதோறும் இருக்கும் கராஜ்களுமே. 2022இல் எரிபொருள் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் வழங்கப்பட்டது. கணக்கைப் பாருங்கள். லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடும் வண்டி வாரத்தில் 140 கிலோமீற்றர் செல்லும். 60 ஓடும் வண்டி 240 செல்லும். அந்த 100 கிலோமீற்றர், வீடு வீடாகப் பொருள் கொண்டுசெல்லும் ஓர் இளைஞனுக்கு இரண்டு நாள் உழைப்பாகும்.

இங்கே விளையாட்டுக்கு இடமில்லாத ஒன்றையும் கூற வேண்டும். நமது எல்லைக்குட்பட்ட குடும்பங்களில் மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் லீசிங் பணத்தில் வருகின்றது. தாயின் தாலிக்கொடி அடைவுகடைக்குச் சென்றபின் முதல் தவணை கட்டப்படுவதும் உண்டு. இந்நாட்டின் வீதி விபத்துகளில் இறப்போருள் மோட்டார் சைக்கிளில் சென்றோர் பெருந்தொகையினர். அவருள் பலர் வீட்டுக்கு உழைத்துக் கொடுக்கும் வயதினர். தன் வலிமைக்கு மிஞ்சிய எடையை ஈர மழைத்தெருவில் நிறுத்த முயல்பவன் தன்னை மட்டும் ஆபத்துக்கு உள்ளாக்குவதில்லை. ஆகையால், வலுவைப் பற்றிக் கேட்குமுன் நிறுத்தும் ஆற்றலைப் பற்றிக் கேட்க வேண்டும். சில்லு இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். உள்ளதா என்று பார்க்க வேண்டும். 100 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குரிய சாரதி அனுமதிப்பத்திரம் கையில் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. வண்டியின் ஆழத்தை அறிய நான்கு கேள்விகள் போதும் என்று இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது. நான் நாள்தோறும் செல்லும் தெரு எது? என் கால்கள் தரையில் முழுதாக ஊன்றுமா? பழுதானால் என் வீட்டுக்கு அருகே திருத்த ஆளும் உதிரிப்பாகமும் உண்டா? பெற்றோல் விலை ஏறினாலும் தவணையைக் கட்டிக் குடும்பத்தைக் காக்க இயலுமா? இந்நான்குக்கும் ஒருவன் மனச்சான்றோடு ஆம் என்று விடையளித்தால், அவன் 350 குரூசரை மகிழ்ச்சியோடு வாங்கலாம்; அதன் மெல்லிய துடிப்பை அனுபவிக்கலாம்; அதிற் குற்றமில்லை. ஒன்றுக்கேனும் இல்லை என்பது விடையானால், சிறிய வண்டியை வாங்குவது சிறுமையன்று. பாற்குடம் சுமந்த ராஜ்தூத்தும் மண்ணெண்ணெய் குடித்த சிறு ஹொண்டாவும், தம்மை ஏறியவரின் வீடுகளில் அடுப்பை எரியவைத்தன. ஒரு வாகனத்துக்கு அதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்?